பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிய பிறகுதான் நிதி வந்தது

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் படிப்பகத்தில் இரண்டு பீரோக்கள் உண்டு. பழைய வார இதழ்கள், நெசவாளர் சங்கப் பேரேடுகள், 1944 ஆகஸ்டில் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாட்டை ஒட்டி வந்த துண்டறிக்கைகள் எல்லாம் அவற்றில்தான். தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிற தாள்கள். இவற்றைக் காக்கச் சிறு நிதி ஒன்று வாங்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் ஆவணப் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்த்தோம். மூலத்தை ஊரிலேயே விட்டுவிட்டு மின்படி எடுக்க உதவுகிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும்; அந்தப் பதிவுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். வாடகையும் பேப்பர் பில்லும் கட்டவே திணறுகிற எங்களுக்கு அது எட்டாது.

உள்நாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதினோம். ஸ்கேனர், ஏசி, புது அலமாரி என்று 6 லட்சம் கேட்டோம். மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டு ஃபோன் செய்தபோது அங்கிருந்த அம்மா, "மொத்தம் எத்தனை உருப்படி சார்? அதில் உடனே கவனிக்க வேண்டியது எத்தனை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எண்ண உட்கார்ந்தோம். பதினோரு ஞாயிறு ஓடியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன, எந்த ஆண்டு, என்ன சேதம். துருப்பிடித்த குண்டூசி, பழுப்பேறிய செல்லோடேப், பூச்சி அரித்த ஓரம். பேரேடுகளைப் படிக்கத் தெருக்கோடித் தறிக்காரத் தாத்தா வந்தார். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு என்று அவர் சொல்லச் சொல்லத்தான் எந்தப் பேரேடு எதைப் பற்றியது என்றே எங்களுக்கு விளங்கியது. அவர் இல்லாமல் அந்தப் பட்டியல் இல்லை.

கூடவே ஈரப்பதமானி ஒன்று வாங்கி, காலையும் மதியமும் நோட்டில் குறித்தோம். ஏப்ரல் மதியம் 30 சதவீதத்துக்குக் கீழே. ஐப்பசி மழைக் காலையில் 80க்கு மேல். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் தாளை விரித்துச் சுருக்கி ஒடிக்கிறது.

இடையில், படிப்பகத்தை நடத்தும் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கணக்கை நான்கு வருடமாக மாவட்டப் பதிவாளரிடம் நாங்கள் தாக்கல் செய்யவில்லை என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் போயிற்று. நீங்களும் நிதி கேட்பதானால் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விண்ணப்பத்தில் 1,80,000 ரூபாய்தான் கேட்டோம்: வல்லுநர் ஒருவர் வந்து பார்க்க, அமிலமில்லா அட்டைப் பெட்டிகள் வாங்க, இருவருக்குப் பயிற்சி. பட்டியலும் ஈரப்பத நோட்டும் இணைப்பு. கிடைத்தது! பாதிப் பணம் முன்பணம். மீதி, ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றுக்குப் பிறகு.

வந்த வல்லுநர் முதலில் சொன்னதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை: வெயில் அறையும் மேற்குச் சுவரிலிருந்து பீரோவை ஒரு அடி தள்ளி வையுங்கள். செல்லோடேப்பைப் பிய்க்காதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள் என்றார். லேமினேஷன் செய்த துண்டறிக்கை இரண்டு ஏற்கெனவே எங்களிடம் இருந்தன. அவற்றை இனி மீட்பது கடினமாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மற்ற துண்டறிக்கைகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பேரேடுகளுக்கு வரும் ஞாயிறு அளவெடுக்கிறோம். தாத்தாவும் வருகிறார்.