இருட்டறைச் சுவரில் சூரியன்

ஊர் அறிவியல் திருவிழாவில் எல்லா வயதினரையும் நிற்க வைக்கும் அரங்கு எது என்று கேட்டால், எங்கள் பதில் பந்துக் கண்ணாடிதான்: பந்தின் மேல் ஒட்டிய சிறு கண்ணாடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்பி, சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழவைப்பது. தொலைநோக்கியில் ஒருவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். முதுகுவலி உள்ள பெரியவர்களுக்குக் குனிவதும் சிரமம். சுவரில் விழும் சூரியனை ஐம்பது பேர் ஒன்றாகப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் பந்தில் ஓட்டை போட்டு மணல் நிரப்பி அடைத்துவிட வேண்டும். எடை இல்லாவிட்டால் சின்னக் காற்றுக்கே பிம்பம் ஆடும். சிறிய தட்டையான முகக்கண்ணாடித் துண்டைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 1 செ.மீ. துளை வெட்டிப் பந்தின் மேல் ஒட்டுகிறோம். பந்தை டேப் சுருள் ஒன்றின் மேல் உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும்.

அதிகம் தவறுவது அறைத் தேர்வில். காலை வெயில் கிழக்கிலிருந்து வருகிறது என்பதால் கிழக்கு வாசல் வகுப்பறையைப் பிடிக்கிறார்கள். அப்போது வெயில் கண்ணாடியை வெகு சாய்வாகத் தொடும், பிம்பம் மங்கும். வாசல் வழியே நேர் வெயிலும் உள்ளே வரும். காலையில் மேற்கு வாசல், மாலையில் கிழக்கு வாசல் வேண்டும். கட்டட நிழலுக்கு வெளியே, முற்றத்தில் கண்ணாடியை வைத்து, வெயில் வந்த பக்கமே திருப்பி அனுப்பினால் போதும்.

கண்ணாடியிலிருந்து சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் சூரியன் ஏறக்குறைய 18 செ.மீ. அகலத்தில் விழும். 5 மீட்டரில் 5 செ.மீ.கூட வராது, விளிம்பும் கலங்கும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், தெளிவு போய்விடும். துளையைச் சதுரமாக வெட்டினாலும் சுவரில் வட்டம்தான். பிள்ளைகள் வெகுநேரம் விவாதிப்பது இதைப் பற்றித்தான்.

கண்ணாடிக்குள் பார்ப்பதும் சூரியனை நேரே பார்ப்பதும் ஒன்றே. ஒளி போகும் பாதை நெடுகக் கயிறு கட்டி, அங்கே ஒரு தன்னார்வலரை நிறுத்தாமல் இந்த அரங்கைத் திறக்கக் கூடாது.

பிம்பம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். உடனே ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். நிழல் பார்த்து நேரம் சொல்லிப் பழகிய பெரியவர்கள் அதை முதலில் கவனிப்பார்கள். பூமி சுழல்வதைப் பற்றிய பேச்சை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். பிறகு பந்தைத் திருப்பும் வேலையையும் வந்தவர்களிடமே கொடுத்துவிடலாம். அளவு நாடா ஒன்றும் வையுங்கள்: கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பிம்பத்தின் அகலத்தால் வகுத்தால் சுமார் 108. சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.யை அதே எண்ணால் வகுத்தால் அதன் விட்டம், ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ.

நிலா சூரியனின் நடுப்பகுதியை மட்டும் மறைக்கும் கங்கண கிரகணத்தன்று இதே சுவரில் வட்டத்துக்குப் பதில் வளையம் விழும். 2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகக் கடந்தது அப்படியொரு கிரகணம். கிரகண நேரத்தில் வெளியே வரத் தயங்கும் பாட்டிகளை முற்றத்துக்கு அழைத்து வாதாடுவதைவிட, அறைக்குள் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைப்பது மேல்.