எழுபதுக்கு மேல் மாற முடியுமா?

"இந்த வயசுல இனி என்ன மாறப் போறாங்க?" பெரியவர்களை ஆலோசனைக்கு அழைத்து வரும் பிள்ளைகளே இப்படிக் கேட்கும்போது மனசு வலிக்கும். 1905இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்: ஐம்பதைத் தொட்டவர்களின் மனம் வளைந்து கொடுக்காது என்று.

நினைப்பதிலும் பழகுவதிலும் ஊறிப்போய், தன்னையும் பிறரையும் வருத்தும் போக்கை ஆளுமைக் கோளாறு என்கிறோம். அது எல்லோருக்கும் வயதோடு கரைந்துவிடுவதில்லை, பலரிடம் முகத்தை மாற்றிக்கொள்கிறது. இளமையில் தன்னையே காயப்படுத்திக்கொண்டவர் முதுமையில் மாத்திரையை மறுக்கலாம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடலாம். வீட்டில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர்.

உணர்ச்சிக் கொந்தளிப்பைக் கையாளக் கற்றுத்தரும் ஒரு பேச்சுச் சிகிச்சை உண்டு: உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (DBT). அதை இன்னொரு உளவியலாளர் தாமஸ் லிஞ்ச் முதியவர்களுக்காக மாற்றினார். அவர்களில் பலருக்குச் சிக்கல் கட்டுப்பாடு இல்லாதது அல்ல, அளவுக்கு மீறிய கட்டுப்பாடு. அதனால் உணர்ச்சிகளை அடக்கக் கற்றுத்தருவதைவிட, இறுக்கத்தைத் தளர்த்துவது முக்கியமானது. எனக்கு இது பெரிய திறப்பு.

மற்றதெல்லாம் எளிய மாற்றங்கள்தான். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருவேன். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். அதையும் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். ஒரு அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை இரண்டு முறை படிப்பார்.

அவர் கணவரை இழந்தபின் தனியாளாய் இட்லிக்கடை நடத்தி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். முதியவர்களிடம் காயங்களை மட்டும் தோண்டக்கூடாது, பழைய பலத்தையும் தேட வேண்டும். "அந்தக் கடைக்கார அம்மா இன்னைக்கு இருந்தா மருமகள்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார்: "முதல்ல, சாப்டியான்னு கேட்டிருப்பேன் தம்பி."