ஆயிரம் சாம்பிள், ஒரே ஒரு செல்

எக்செல்ல ரிஸ்க் மாடல் போடுறவங்க நெறைய பேர் மான்டி கார்லோ (ரேண்டம் நம்பர் போட்டு ஒரே கணக்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறது) ஓட்டி ஆயிரம் சாம்பிள் எடுப்போம், அப்புறம் அடுத்த டீமுக்கு அனுப்புறப்ப சராசரியையும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனையும் (நம்பர்கள் சராசரிலேருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) மட்டும் எழுதிட்டு மிச்சத்த தூக்கிப் போட்டுருவோம். எனக்கு இது பெரிய இழப்பாத்தான் படுது, ஏன்னா அந்த ஆயிரம் நம்பரும்தான் நாம கண்டுபிடிச்ச விஷயமே.

ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில பாடம் எடுத்த சாம் சாவேஜ் இதத்தான் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காரு. சாம்பிள் வரிசைய அப்படியே ஒரு டேட்டாவா வச்சுக்கோங்க, கைமாத்துங்க, கூட்டுங்க கழிங்கன்னு. அவரு அதுக்கு வச்ச பேரு 'சிப்' (SIP, Stochastic Information Packet). ஷெல் கம்பெனி எண்ணெய் தேடுற திட்டங்கள்ல இத பயன்படுத்தினத பத்தி 2006ல அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்டுரையும் எழுதினாங்க. அந்த சிப்ப ஒரே செல்லுல அடைக்க வந்ததுதான் 'டிஸ்ட்' ஃபார்மேட்.

வேலை ரொம்ப எளிமை. மினிமம், மேக்ஸிமம் ரெண்டையும் எழுதி வச்சுட்டு, ஒவ்வொரு சாம்பிளும் அதுக்கு நடுவுல எங்க நிக்குதுன்னு 0லேருந்து 65535 வரைக்கும் ஒரு முழு எண்ணா மாத்தணும், அதாவது ரெண்டு பைட். எல்லாத்தையும் பேஸ்64 (பைட்டுகள சாதாரண எழுத்தா மாத்துற முறை) ஆக்கி, பேரு, சராசரி, எத்தன சாம்பிள்ங்கறதோட ஒரு எக்ஸ்எம்எல் டேகுக்குள்ள (விவரம் எழுதி ஒட்டின உறை மாதிரி) போட்டா முடிஞ்சுது. டேக் போக, ஆயிரம் சாம்பிளுக்கு 2668 எழுத்து. எக்செல் செல்லோட எல்லை 32,767 எழுத்து, அதனால பத்தாயிரம் சாம்பிளே 26,668 எழுத்துல உள்ள போயிடும்!

இதுல கொஞ்சம் துல்லியம் போகும்தான், ஆனா போகவே கூடாதது வரிசை. டீசல் விலையோட 417வது சாம்பிளும் லாரி வாடகையோட 417வது சாம்பிளும் ஒரே எதிர்காலத்துல நடக்குறது, அந்த ஜோடிலதான் ரெண்டுக்கும் இருக்க உறவே இருக்கு. யாராவது பாக்க அழகா இருக்கட்டும்னு ரெண்டையும் தனித்தனியா சின்னதுலேருந்து பெருசுன்னு வரிசைப்படுத்திட்டா எல்லா கெட்டதும் ஒரே நாள்ல நடக்குற மாதிரி மொத்த ரிஸ்க் ஊதிப் பெருசாயிடும், கலைச்சுப் போட்டா சேந்து ஏறுற விஷயங்கள் தனித்தனியா ஏறி ரிஸ்க் சின்னதா தெரியும். தனித்தனியா ஹிஸ்டோகிராம் (எந்த அளவுல எத்தன சாம்பிள்னு காட்டுற பட்டைப் படம்) பாத்தா ரெண்டுமே சரியா இருக்கும், அதான் பயமே.

துல்லியம் நெஜமாவே அடிவாங்குற இடம் நீள வால் இருக்குற டேட்டா. இன்சூரன்ஸ் க்ளெய்ம் எடுத்துக்கோங்க, பெரும்பாலும் ஒரு லட்சத்துக்குள்ள, எப்பவாவது ஒண்ணு பத்து கோடி. ஒரு பைட்ல சுருக்கினா 255 படிதான், ஒரு படி கிட்டத்தட்ட 3.9 லட்சம், சாதாரண க்ளெய்ம் எல்லாமே அடிமட்டப் படில போய் ஒண்ணாயிடும். ரெண்டு பைட்னா படி 1526 ரூபா, பரவால்ல. இன்னும் நல்லது லாக் (லாகரிதம்) எடுத்து சுருக்குறது. ஆயிரம் ரூபாலேருந்து பத்து கோடி வரைக்கும் லாக்ல போனா ஒரே பைட்லயே ஒரு படிக்கு சுமார் 4.6 சதவீதம்தான் வித்தியாசம். ஆனா பேருலயே 'லாக்'னு சேத்து எழுதிடுங்க, இல்லன்னா வாங்குறவங்க அத நேரா ரூபான்னு எடுத்துக் கூட்டிருவாங்க.