மணல்மேல் ஒரு காண்டெஸ்ட் நிலையம்

ஊருக்குள் அமெச்சூர் வானொலியில் (ஹாம் ரேடியோ) 40 மீட்டர் பேண்டை, அதாவது 40 மீட்டர் அலைநீள அலைவரிசையை, கேட்டுப் பழகியவர்களுக்கு எஸ்-7 இரைச்சல் (சிக்னல் அளவைக் காட்டும் எஸ்-மீட்டரில் 7) இயல்பாகிப் போயிருக்கும். எல்.இ.டி விளக்கு, மொபைல் சார்ஜர், பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர் என்று எல்லாம் சேர்ந்து கொடுக்கிற இரைச்சல் அது. மின்கம்பி எட்டாத பாலைவனத்தில் அதே ரிக்கை (வானொலிக் கருவியை) ஆன் செய்தால், பகலில் 15, 10 மீட்டரில் எஸ்-மீட்டர் முள் பெரும்பாலும் அசையாது. காண்டெஸ்டுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் நிறைய நிலையங்களோடு பேசும் போட்டிக்கு, நண்பர்கள் நாலு பேர் இரண்டு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்ப அந்த ஒரு காரணம் போதும். மற்ற எதிலும் அந்த நிலம் கைகொடுக்காது. ஆன்டெனாவின் கீழே நல்ல தரையாக இருக்காது, முளையைப் பிடிக்காது, நிழலும் தராது.

ஆன்டெனாவில் தொடங்கலாம். காய்ந்த மணலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 1 மில்லிசீமென்ஸ். கடல் நீருக்கு 4,000-க்கும் மேல். செங்குத்து ஆன்டெனாவை இந்த மணலில் நட்டால் இழப்பு இரண்டு இடத்தில் வரும். அடியில் ஏற்படும் இழப்பை ரேடியல்கள் (அடியிலிருந்து சுற்றிலும் விரிக்கும் கம்பிகள்) போட்டுக் குறைக்கலாம். ஆனால் பல அலைநீளம் தள்ளி, தாழ்ந்த கோணத்தில் போகிற அலை தரையில் பட்டு எதிரொலிக்கிற இடத்தில் ஏற்படுவதை எத்தனை ரேடியல் போட்டாலும் சரிசெய்ய முடியாது. கடற்கரையில் அசத்திய அதே செங்குத்து ஆன்டெனா மணற்காட்டில் ஏமாற்றுவது இதனால்தான். கிடைமட்ட ஆன்டெனாவை மோசமான தரை அவ்வளவாகப் பாதிக்காது. 20, 15, 10 மீட்டருக்கு டைபோலோ (நடுவில் கேபிள் இணைத்த அரை அலைநீளக் கம்பி) இரண்டு எலிமென்ட் பீமோ (ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா) 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நாம் பேச விரும்பும் திசையில் நிலம் சரிந்து இறங்குமானால் அந்த மேட்டின் விளிம்பில் மாஸ்ட்டை (ஆன்டெனாக் கம்பத்தை) நிறுத்துங்கள். தாழ்ந்த கோணத்தில் கிடைக்கும் ஆதாயத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

40 மீட்டரில்தான் விவாதம் வரும். டைபோலை அரை அலைநீள உயரத்துக்குக் கொண்டுபோக 20 மீட்டர் மாஸ்ட் வேண்டும். 12 மீட்டர் ஃபைபர் கம்பத்தில் இன்வெர்ட்டட்-வி (நடு உயர்ந்து இரு முனையும் தாழ்ந்த டைபோல்) கட்டினால் அருகிலுள்ள நாடுகள் நன்றாக வரும், தூரம் கொஞ்சம் குறையும். தூரம்தான் முக்கியம் என்றால் 10 மீட்டர் நீள செங்குத்துக் கம்பி, தரைக்கு 2.5 மீட்டர் மேலே தூக்கிக் கட்டிய 4 ரேடியல்கள், ஒவ்வொன்றும் 10 மீட்டர். மணலில் பரப்பிய 30 ரேடியல்களை விட இந்த நாலும் விரிக்கச் சுலபம், இருட்டில் சுருட்டவும் சுலபம். கம்பி நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோல் மீட்டரில் கிடைக்கும், 7.05-க்கு 20.3. உறை போட்ட கம்பியானால் இன்னும் 2 முதல் 5 சதவீதம் குறையும், அதனால் முதலில் நீளமாகவே வெட்டி, அங்கே போய் மடக்கிச் சரிசெய்யுங்கள்.

மாஸ்ட்டைக் காற்றிலிருந்து காப்பது முளை அல்ல, புதைத்த மூட்டை. கூடார முளை தளர்ந்த மணலில் ஒரு இழுவைக்கே வந்துவிடும். கோணியிலோ தடித்த பையிலோ 15 கிலோ மணல் நிரப்பி, கயிற்றைச் சுற்றிக் கட்டி, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மிதித்து விடுங்கள். கயிறு வெளியே வரும் பாதைக்கும் சாய்வாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். நேராக மேலே வந்து வளைந்தால் கயிறு மணலை அறுத்துக்கொண்டே தளரும். 12 மீட்டர் கம்பத்துக்கு இரண்டு உயரங்களில், நாலு திசையில் கயிறு. கம்பத்திலிருந்து, கயிறு கட்டிய உயரத்தில் 70 சதவீதத் தூரத்திலாவது மூட்டை இருக்கட்டும். கம்பத்தின் அடியில் 40 சென்டிமீட்டர் சதுரப் பலகை வைக்காவிட்டால் இரவுக்குள் கம்பம் இறங்கி எல்லாக் கயிறும் தொய்ந்துவிடும். டெலஸ்கோப் கம்பத்தின் ஒவ்வொரு மூட்டு இணைப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நீட்டுங்கள். மணல் துகள் புகுந்த மூட்டு, நீட்டும்போது சறுக்கும், மடக்கும்போது சிக்கும்.

அமைதியைத் தேடிப் போன இடத்துக்கு இரைச்சலைக் கொண்டுபோவது பெரும்பாலும் நாமே. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், சோலாரின் எம்.பி.பி.டி சார்ஜ் கன்ட்ரோலர், லேப்டாப் அடாப்டர், மலிவான எல்.இ.டி பட்டை எல்லாமே நாம் கேட்கும் எச்.எஃப்-இல் (சிற்றலைப் பகுதியில்) பேசும். போட்டிக்கு முந்தைய மாலையே ரிக்கைப் பேட்டரியில் மட்டும் ஓட்டி இரைச்சல் அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சாதனமாக ஆன் செய்து பாருங்கள். எதில் முள் ஏறுகிறதோ அதன் வயரை இரைச்சலைத் தடுக்கும் 31 மிக்ஸ் (கலவை வகை) ஃபெரைட் வளையத்தில் 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். ஒரே ஒரு முறை நுழைத்து மாட்டுகிற கிளிப் ஃபெரைட் எச்.எஃப்-இல் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஃபீட்பாயின்ட்டில் ஒரு சோக் (கேபிள் உறை வழியே வரும் இரைச்சலைத் தடுப்பது) கட்டாயம்.

மின்கணக்கை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். 100 வாட் ரிக் முழுச் சக்தியில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது 1 முதல் 2. பாதி நேரம் சிக்யூ (யாரும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு) கூப்பிடுகிற எஸ்.எஸ்.பி (குரல்) நிலையத்துக்குச் சராசரி 6 ஆம்பியர், லேப்டாப்புக்கு 3. ஆக 12 மணி நேர இரவுக்கு 108 ஆம்பியர்-மணி. ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விடிவதற்குச் சற்று முன்னால், 40 மீட்டர் நன்றாகத் திறந்திருக்கும் நேரம் பார்த்து, கையை விரிக்கும். இரண்டு வேண்டும். பகலில் ஜெனரேட்டரும் சோலாரும் சார்ஜ் செய்யட்டும், இரவு ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம். இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பாலைவனக் குளிர்கால விடியல் அந்த அளவைத் தொடும், ஆகவே பேட்டரியைக் கூடாரத்துக்குள் வையுங்கள்.

பேட்டரியிலிருந்து ரிக்குக்கு 5 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 20 ஆம்பியரில் 0.86 வோல்ட் காணாமல் போகும். பல ரிக்குகளின் கீழ்வரம்பு 11.7 வோல்ட், பேட்டரி இறங்கிய நேரத்தில் ஆடியோ கரகரக்கும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4-க்குள் நிற்கும்.

ஜெனரேட்டரை 50 மீட்டர் தள்ளி, காற்று நம் பக்கமிருந்து அதை நோக்கி வீசும் திசையில், பலகை மேல் மட்டமாக வையுங்கள். மணலில் சாய்ந்தால் எண்ணெய் சென்சார் தவறாகப் புரிந்துகொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள்.

இரண்டு நிலையம் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று மூடாமல் இருக்க இரண்டு ரிக்குக்கும் பேண்ட்பாஸ் ஃபில்டர் (அதனதன் பேண்டை மட்டும் விடுவது) தேவை. சிக்யூ வேர்ல்டு வைடு என்ற உலகப் போட்டியில் எல்லா டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்ட வட்டத்துக்குள் இருக்கலாம். வீட்டு மாடியில் கனவிலும் கிடைக்காத அந்த இடத்தைப் பயன்படுத்தி டைபோல்களை ஒரே நேர்கோட்டில், முனைக்கு முனை, 100 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். 40 மீட்டர் ரிக்கின் வெளியீட்டில் முனை ஷார்ட் செய்த கால் அலை ஸ்டப் (கால் அலைநீளக் கேபிள் துண்டு) ஒன்றை டி கனெக்டரில் மாட்டினால் (அலை ஒளியின் வேகத்தில் 0.66 பங்கில் ஓடும் கேபிளில் 7 மீட்டர்) 14, 28 மெகாஹெர்ட்ஸ் ஹார்மானிக் (மடங்கு அதிர்வெண்ணில் கசியும் சிக்னல்) அடங்கும். 21 அடங்காது. அந்த ஸ்டப் 21-இல் முக்கால் அலை, எனவே அப்படியே விட்டுவிடும். அங்கே ஃபில்டர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆன்டெனா தள்ளிப் போகும்போது கேபிளைக் கவனியுங்கள். 28 மெகாஹெர்ட்ஸில் 50 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ் கேபிள்) பாதிக்கு மேல் சக்தியைத் தின்றுவிடும். தடித்த ஆர்ஜி-213-இல் மூன்றில் ஒரு பங்கு போகும்.

புழுதிக் காற்று எழுந்தால், இடி மேகம் இல்லாமலேயே கம்பியில் நிலைமின்னேற்றம் சேரும். இரைச்சல் திடீரென்று ஏறும், கழற்றிய கோஆக்ஸ் முனையில் பொறி தெறிக்கும், ரிக்கின் உள்ளீட்டுச் சுற்று பழுதாகிவிடலாம். ஃபீட்லைனின் (ஆன்டெனாக் கேபிளின்) நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே 100 கிலோஓம், 2 வாட் மின்தடை ஒன்று, உறையிலிருந்து மணலில் ஒரு கம்பி. காய்ந்த மணல் மோசமான எர்த் என்றாலும் வடிய வேண்டியது மைக்ரோஆம்பியர் அளவுதான். மின்னல் கதை வேறு. அப்போது கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு வண்டிக்குள் உட்காருங்கள். வறண்ட ஓடைப் படுகையில் முகாம் போடுவது கூடவே கூடாது, எங்கோ பெய்த மழை அங்கேதான் வரும்.

இணையம் இல்லாத லேப்டாப் கடிகாரம் விலகும்; யு.எஸ்.பி ஜி.பி.எஸ் ஒன்று போதும். கால்சைன் (நிலைய அழைப்புக்குறி), நாட்டுப் பட்டியல் கோப்புகளை வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள். சிக்யூ வேர்ல்டு வைடில் ஒவ்வொரு தொடர்பிலும் நாம் சொல்லும் மண்டல எண் மாறியிருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். சகாராவில் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா 33. லிபியா, எகிப்து 34. லாகரில் (தொடர்புகளைப் பதியும் மென்பொருளில்) மட்டும் மாற்றினால் போதாது, நமக்காக அழைப்பை ஒலிக்கும் வாய்ஸ் கீயரில் பதிந்த குரலையும் மாற்ற வேண்டும்.

100 வாட்டோடு உட்காரும்போது நமக்குக் கேட்கிற எல்லோருக்கும் நாம் கேட்க மாட்டோம். 20 மீட்டரின் நடுவில் இடம் பிடித்து மல்லுக்கட்டுவதை விட, 10 மீட்டர் திறந்திருந்தால் 28.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அமைதியான இடத்தில் சிக்யூ கூப்பிடுங்கள். நம்மைக் கூப்பிடுகிற பலவீனமான நிலையங்களை ஊரிலிருப்பவர்கள் கேட்கவே மாட்டார்கள், புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. நாலு பேர் என்றால் 3 மணி நேர முறை. தூங்கி எழுந்தவர் உட்காருவதற்கு 10 நிமிடம் முன்பே இன்னொரு ஹெட்போனில் கேட்கத் தொடங்கட்டும்.

சிக்யூ வேர்ல்டு வைடு போட்டி முடிந்து 5 நாளுக்குள் கேப்ரில்லோ லாக் (அந்தக் கோப்பு வடிவில் தொடர்புப் பதிவு) போய்ச் சேர வேண்டும். திரும்பும் பயணமே இரண்டு நாள் என்றால் யார் அனுப்புவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் டேட்டாபேஸைப் பார்த்துக் கால்சைனைத் திருத்த விதி இடம் தராது. சந்தேகமான அழைப்பை அங்கேயே, அந்த நிலையம் பேண்டில் இருக்கும்போதே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.