நாலாவது தடவைதான் கோப்பி தெளிந்தது

நேற்றுக் காலை போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் மண்டியே இல்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வடிக்கிற குளிர் கோப்பி, மூன்று தரம் கலங்கி நாலாந்தரம் சரியாக வந்துவிட்டது. இந்தக் கச்சான் காற்று வெக்கைக்கு வீட்டில் ஆளுக்கொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பிரச்சினை முழுக்கத் தூளில்தான். பைக்கட்டில் வருகிற கோப்பித்தூள் மா மாதிரி அரைத்தது, பலதில் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்திருக்கும். சுடுதண்ணீருக்கு அது நல்ல ருசி, ஆனால் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறினால் வடிக்கிற துணியின் கண்ணை அடைத்துவிடும். உடனே கை பிழியப் போகும். பிழிந்தால் மண்டியும் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

இந்த முறை வறுத்த கொட்டையாகவே அரைக் கிலோ எடுத்தேன், பதுளை வீதியால் வந்துபோகிற தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். (1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழிக்காமல் விட்டிருந்தால் இப்படி ஆள் பிடித்துக் கொட்டை வாங்க வேண்டியிருக்காது என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன்.) மில்லில் கொடுத்தால் மிளகாய் மணம் ஏறும், ஆகவே உரல்தான். ஓங்கி இடிக்கக்கூடாது. ஒவ்வொரு பிடியாகப் போட்டு, உலக்கையை மெல்ல விழவிட்டு உடைக்க வேண்டும். ரவையைவிடச் சற்றுப் பெரிதாக உடைந்ததும் அரிதட்டில் அரித்து மாவைப் பிரித்தேன். அந்த மா அம்மாவின் காலைக் கோப்பிக்குப் போனது, "மல்லி போடல்லையா மனே" என்று கேட்டுக்கொண்டே குடித்தார்.

100 கிராம் தூளுக்கு 800 மில்லி தண்ணீர், பிரிட்ஜில் 16 மணித்தியாலம். கல்லடியில் எங்கள் கிணறு சவர், குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம், அதனால் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். வெளியே வைத்து ஊறவிட்ட இரண்டாந்தரம் புளித்த வாடை வந்தது, இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்.

முதலில் தேத்தண்ணி வடியால் சக்கையை எடுத்துவிட்டு, மறுகா போத்தலை அசைக்காமல் ஒரு மணித்தியாலம் திரும்பவும் பிரிட்ஜில் வைத்தேன். மண்டி தானாக இறங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் துணியில் ஊற்ற வேண்டும். என்னுடையது மருதமுனைக் கைத்தறி வெள்ளைத் துண்டு, நெருக்கமான நெசவு. புதுத்துணியென்றால் கஞ்சி போக இரண்டு தரம் கொதிக்கவையுங்கள், சவர்க்காரம் படவே கூடாது, கோப்பி அந்த மணத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். 40 நிமிடம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த நேரம் முழுக்கத் துணியில் கை வைக்காமல் இருந்ததுதான் இந்தத் தரம் செய்த பெரிய வேலை. 600 மில்லி அளவில் கிடைத்தது, மிச்சத்தைச் சக்கை குடித்துவிட்டது.

கொட்டை இன்னும் கால் கிலோவுக்கு மேல் இருக்கிறது. அடுத்தது தண்ணீருக்குப் பதில் செவ்விளநீர். அது சீக்கிரம் புளிக்கும், 10 மணித்தியாலத்தில் வடித்துப் பார்க்கப்போகிறேன். இனிப்புக்குக் கித்துள் பாணியும் வாங்கி வைத்தாயிற்று. துணி இப்போது கொடியில் காய்கிறது.