எல்லாம் பச்சை

இரவு ஒன்பதே முக்காலுக்கு டிஸ்பாட்ச் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, பில்லு போட முடியல. லாரி நிக்குது." என் கண்ணெதிரே, மிஷின்களைக் கண்காணிக்கும் நாகியோஸ் மென்பொருளின் திரை. பில்லிங் சர்வர் பச்சை, டேட்டாபேஸ் பச்சை, நாற்பது சொச்சம் மிஷின்களில் ஒன்றுகூடச் சிவப்பில்லை. "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தால் பில்லிங் சர்வர் உறைந்து கிடந்தது. அதை எழுப்பியது ஐந்து நிமிட வேலை, லாரியும் போனது. ஆனால் நாகியோஸ் ஏன் வாயே திறக்கவில்லை? திரும்பி வந்து, ஒவ்வொரு வரியிலும் கடைசியாகச் சோதித்த நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் மாலை ஆறே காலை ஒட்டி நின்றிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றரை மணி நேரப் பழைய படம்.

நாகியோஸ் மிஷினின் லாகில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) ஒரே புலம்பல்: தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை, டிஸ்கில் இடமில்லை. டிஸ்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் 20 ஜிபியில் பாதிகூட நிரம்பவில்லை. மெமரியும் தாராளம். சந்தேகம் தீர, டச் கட்டளையால் ஒரு காலிக் கோப்பு உருவாக்கப் பார்த்தேன். அதற்கும் இடமில்லையாம்! அப்புறம்தான் டிஎஃப் கட்டளையோடு 'ஐ' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. ஐநோடு நூறு சதவீதம்.

லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான இஎக்ஸ்டி4-இல் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோடு, அதாவது அதன் விவரங்களை வைக்கும் ஒரு பதிவு, வேண்டும். டிஸ்கை ஃபார்மட் செய்யும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்று எண்ணிக்கை முடிவாகிவிடும். 20 ஜிபிக்கு 13,10,720. அதே பார்ட்டிஷனில் பின்னால் கூட்ட முடியாது. கோப்புகள் 4 கேபி அளவில் குவிந்தால் இடம் மிச்சமிருக்கும், ஐநோடு தீர்ந்துபோகும். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது என்பது போல. பழைய கோப்பின் வாலில் எழுதப் புது ஐநோடு தேவையில்லை. அதனால் லாக் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மெயிலோ, வரிசையில் நிற்கவே ஒரு கோப்பு வேண்டும். அதுவும் போகவில்லை.

யார் இத்தனை கோப்பு போட்டது? கிராஃப் வரையும் பிஎன்பி4நாகியோஸை நான் கடைசிவரை சந்தேகிக்கவில்லை. அளவீடுகளைச் சேமிக்கும் அதன் ஆர்ஆர்டி கோப்புகள் முதல் நாளே முழு அளவில் உருவாகிவிடும், வளராது. ஆனால் அதற்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டு. நாகியோஸ் 15 விநாடிக்கு ஒருமுறை ஹோஸ்டுகளுக்கு (மிஷின்களுக்கு) எல்லாம் சேர்த்து ஒன்று, சர்வீஸ்களுக்கு எல்லாம் சேர்த்து ஒன்று என இரண்டே கோப்புகளை ஸ்பூல் என்ற காத்திருப்பு டைரக்டரியில் போடும். என்பிசிடி என்ற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) அவற்றை எடுத்து ஆர்ஆர்டியில் ஏற்றிவிட்டு அழிக்கும். அந்த டீமன் ஓடவே இல்லை.

நாளுக்கு 11,520 கோப்பு. சிஸ்டத்துக்கு ஏறக்குறைய 1.2 லட்சம் போக மீதியை வகுத்தால் 103 நாள். கோப்பின் பெயரிலேயே யுனிக்ஸ் நேரம், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள், இருக்கும். மிகப் பழையதைத் தேதியாக மாற்றிப் பார்த்தேன். ஜூலை 24. யுபிஎஸ் பேட்டரி மாற்ற மிஷினை அணைத்துப் போட்ட நாள். மிஷின் பூட் ஆகும்போது தானாகக் கிளம்பும்படி என்பிசிடியை நான் அமைத்திருக்கவில்லை. கை வைத்தவன் நானேதான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

அழிப்பது தனிக் கதை. எல்லாக் கோப்பையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு, அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுத்தால், பட்டியல் நீளம் என்று கட்டளைகளை வாங்கும் ஷெல் மறுத்துவிட்டது. பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் எல்லாப் பெயரையும் அடுக்கி முடிக்கும்வரை அசையாது. ஃபைண்ட் கட்டளையின் டிலீட்தான் கைகொடுத்தது. பழைய சாட்டா டிஸ்க், டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்த பிறகும் அந்தக் காலி டைரக்டரியே சில பத்து எம்பி காட்டியது. இஎக்ஸ்டி4 டைரக்டரி பெருத்தால் தானாக இளைக்காது. புதிதாக ஒன்று உருவாக்கி மாற்றினேன்.

டிஸ்க் சோதனையில் ஐநோடு வரம்பு வைக்கும் வசதி முன்பே இருந்தது, நான்தான் சேர்க்கவில்லை. சேர்த்தேன். என்பிசிடி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சோதனை. நாகியோஸின் நிலைக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் பழசானால் எனக்கு எஸ்எம்எஸ் அனுப்ப, மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்.

வருட கிராஃபில் ஜூலை 24 முதல் நவம்பர் 4 வரை வெள்ளையாக ஒரு பட்டை. இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.