வலது கைக்கு ஓய்வு

அக்டோபர் 14
ஆறு வாரம். வலது கையால் பியானோவைத் தொடவே கூடாதாம், டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணினேன்: நவம்பர் 25. விண்ணப்பத்துக்கு வாசித்த வீடியோ அனுப்பக் கடைசி நாள் டிசம்பர் 1.

அக்டோபர் 15
தூக்கம் இல்லை.

அக்டோபர் 17
எல்லாம் அந்த எட்யூடால்தான். விரல் பயிற்சிக்காக ஷோபான் எழுதியது, ஓப்பஸ் 10, இரண்டாவது. வலது கையின் கடைசி மூன்று விரல்கள் அரை அரை ஸ்வரமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, மிச்சம் இரண்டு விரலும் கீழே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, தொட்டுத் தொட்டு விட வேண்டும். மெட்ரோனோம் வேகம் நிமிஷத்துக்கு 144 தட்டு. செப்டம்பரில் 132 வரை வந்துவிட்டேன். "வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்திடணும்மா" என்று பியானோ மிஸ் அப்போதே சொன்னார். வலிக்கவில்லை என்றேன். வலித்தது. ஜூலையிலிருந்தே வலித்தது.

அக்டோபர் 18
132.

அக்டோபர் 21
விடாத மழை. நடு எஃப் ஷார்ப் கட்டை அழுத்தினால் மேலே வரமாட்டேன் என்கிறது. டியூனர் அண்ணாவுக்கு போன் செய்தேன். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி இழுபட்டு சுருதி ஏறும், இப்போது சரிசெய்தால் வெயிலில் மறுபடி இறங்கிவிடும் என்கிறார். பியானோவுக்குள் கீழே ஒரு சின்ன பல்பை எரியவிடச் சொன்னார். வெயில் வரும்வரை பொறு என்றார். இவருமா?

அக்டோபர் 23
பிள்ளைகளுக்கு கிளாஸ் எடுத்தேன். வலது கை பாகத்தை இடது கையால் வாசித்துக் காட்டினேன். விண்ணப்பக் கட்டணம் இந்தப் பிள்ளைகள் தரும் பணம்தான், நிறுத்த முடியாது.

அக்டோபர் 28
மிஸ் வீட்டுக்கே வந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனைப் பற்றி, அவருக்காக ராவெல் எழுதிய இடது கை கன்செர்ட்டோவைப் பற்றி எல்லாம் சொன்னார். கோபம் வந்தது. எனக்குக் கை போகவில்லை மிஸ், ஆறு வாரம்தான் என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து நோட்டேஷனை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். பாக் ஒற்றை வயலினுக்கு எழுதிய ஷாகோன். பிராம்ஸ் அதை இடது கைக்கு மட்டும் என்று மாற்றி 1877-இல் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பியிருக்கிறார். அது போய்ச் சேர்ந்த சமயம் கிளாராவுக்கு வலது கையில் பிசகு. மிஸ் போனபிறகு முதல் எட்டு பார் வாசித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நவம்பர் 2
சர்ச்சில் என் இடத்தில் வேறொரு பையன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். பாட்டி என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே பாடினார்.

நவம்பர் 9
வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 10
சொல்லக் கூடாது. சொன்னால் வாசிக்கத் தோன்றும்.

நவம்பர் 16
ஷாகோன் பாதிக்கு மேல் வந்துவிட்டது. இத்தனை வருஷம் என் இடது கை சும்மா கூட வந்துகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பாட்டும் அதுதான், பக்கவாத்தியமும் அதுதான். கட்டைவிரலில் ராகத்தைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை அடி ஸ்வரத்துக்கு அனுப்பி, இடையில் பெடலை நம்பித் தாவ வேண்டும். டி மைனரில் அவ்வளவு நேரம் அலைந்துவிட்டு டி மேஜருக்குத் திரும்பும் இடத்தில் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். முடிக்கும் வரை போடவே இல்லை.

நவம்பர் 20
132.

நவம்பர் 24
நாளை டாக்டர். டோக்கன் 7. எஃப் ஷார்ப் மேலே வருகிறது. எட்யூட் புத்தகத்தை அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள். பீரோ மேலேதான் இருக்கிறது, தெரியும். பல்பை அணைக்க மறந்து